ஆளில்லாமல் திறந்துகிடந்த பூங்கா: ஜோஷுவா ட்ரீ, 2018–19

2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை, 35 நாள்கள், அமெரிக்க மத்திய அரசின் ஒரு பகுதி நிதி இல்லாமல் முடங்கிக் கிடந்தது. தேசியப் பூங்காத் துறையும் அதில் மாட்டிக்கொண்டது. கலிஃபோர்னியாவில் உள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் அந்த நாள்களில் நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை. அவர்கள் கையில் என்ன இருந்தது, அதை வைத்து என்ன முடிவெடுத்தார்கள் என்பதே முக்கியம்.

பின்னணி: இடம்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால் இந்தப் பூங்கா வரும். மோஹாவி பாலைவனமும் கொலராடோ பாலைவனமும் கைகோக்கும் இடம். பரப்பு சுமார் 3,200 சதுர கிலோமீட்டர். 1930-களில் பாலைவனச் செடிகளை வேரோடு பெயர்த்து வீட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவது வழக்கமாகிவிட்டிருந்தது. பசடீனாவைச் சேர்ந்த மினர்வா ஹாய்ட் என்ற தோட்டக்கலை ஆர்வலர் அதைப் பொறுக்க முடியாமல் ஊர் ஊராகப் பேசி, கண்காட்சி வைத்து, அதிபர் ரூஸ்வெல்ட் வரை போனார். 1936-ல் அந்த நிலம் தேசிய நினைவிடமானது. 1994-ல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. ஆக, மனிதக் கைகளிடமிருந்து செடிகளைக் காப்பதற்கென்றே உருவான இடம் இது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

ஜோஷுவா மரம் பார்ப்பதற்கு மரம். தாவரவியல்படி யுக்கா இனம். உள்ளே வைரம் பாய்ந்த கட்டை கிடையாது, நார்தான். ஆண்டு வளையம் இல்லாததால் வெட்டிப் பார்த்தும் வயதைச் சொல்ல முடியாது. ஆண்டுக்கு அரை அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் வரை வளரும். இதன் பூவில் மகரந்தம் சேர்க்க யுக்கா அந்துப்பூச்சியால்தான் முடியும். பெண் பூச்சி மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கி, தலைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு வேறொரு பூவுக்குப் பறக்கும். அங்கே முட்டையிட்டுவிட்டு, அந்த உருண்டையைப் பூவின் சூல்முடியில் வைத்து அழுத்தும். அப்படி உண்டாகும் விதைகளில் கொஞ்சத்தைப் புழு தின்னும். மிச்சத்தில் சரியான மழை கிடைத்தது முளைக்கும். ஆள் உயர மரம் ஒன்றைப் பார்த்தால், பல பத்தாண்டுகளின் அதிர்ஷ்டம் அங்கே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நிலமும் அப்படித்தான். அந்த மண்ணின் மேல்தோல் நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து கட்டியது. ஒரு முறை டயர் ஏறினால் உடைந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், பூங்காவின் தெற்கு எல்லையை ஒட்டிய பகுதியில் ஜெனரல் பேட்டன் தம் டாங்கிப் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பயிற்சிக் களங்களில் டாங்கிகள் ஓடிய தடம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது.

பின்னணி: கூட்டமும் பணமும்

2013-ல் சுமார் 14 லட்சம் வருகைகள் பதிவாயின. 2018-ல் அது 29 லட்சத்தைத் தாண்டியது. ஐந்தே ஆண்டில் கூட்டம் இரட்டிப்பு. சாலையும் கழிப்பறையும் ஊழியர்களும் அந்த வேகத்தில் பெருகவில்லை. கோடையில் வெயில் கொளுத்தும் என்பதால் குளிர்காலம்தான் சீசன். அதிலும் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான வாரம் உச்சம்.

பூங்காவுக்கு மேற்கு, வடக்கு, தெற்கு என மூன்று முக்கிய வாசல்கள். 24 மணி நேரமும் திறந்திருக்கும். கட்டணச் சாவடியில் ஆள் இருந்தால் காருக்கு 30 டாலர்; ஆள் இல்லையென்றால் நேரே உள்ளே போகலாம்.

பணம் இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது, ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்கும் நிதி. சம்பளம், குப்பை அள்ளுதல், கழிப்பறை பராமரிப்பு, ரோந்து என அன்றாடச் செலவெல்லாம் பெரும்பாலும் இதில்தான் ஓடுகிறது. இரண்டாவது, நுழைவுக் கட்டணம். 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசூலான கட்டணத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் வசூலித்த பூங்காவே வைத்துக்கொள்ளலாம். மிச்சம் பொதுக் கணக்குக்குப் போய், கட்டணம் வாங்காத பூங்காக்களுக்கும் உதவும். 400-க்கும் அதிகமான இடங்களை நிர்வகிக்கும் துறையில் கட்டணம் வாங்கும் இடங்கள் நூற்றுச் சொச்சம்தான். உடைந்த நடைபாதை, பழைய குழாய், பார்வையாளர் வசதி ஆகியவற்றைச் சீர்செய்ய ஒதுக்கிவைக்கும் பணம் இது. அப்போது நாடு முழுவதும் பூங்காக்களில் தள்ளிப்போடப்பட்டிருந்த பழுதுபார்ப்பு வேலைகளின் மதிப்பு சுமார் 1,190 கோடி டாலர்.

இன்னொரு சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். நாடாளுமன்றம் பணம் ஒதுக்காதபோது அரசு அலுவலகம் செலவு செய்யக் கூடாது. உயிரையும் உடைமையையும் காக்கும் அவசரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு இலவச உழைப்பை ஏற்றுக்கொள்வதையும் அதே சட்டம் கட்டுப்படுத்துகிறது.

மூடியதிலிருந்து வந்த பாடம்

2013 அக்டோபரில் இதேபோல 16 நாள் முடக்கம் வந்தது. அப்போது எல்லாத் தேசியப் பூங்காக்களையும் மூடினார்கள். மக்களுக்குக் கோபம், பூங்காவை நம்பிய ஊர்களில் ஓட்டல்களும் கடைகளும் காற்று வாங்கின. பயணிகளின் செலவில் 41.4 கோடி டாலர் குறைந்ததாகப் பூங்காத் துறையே பின்னர் மதிப்பிட்டது. யூட்டா, அரிசோனா போன்ற மாநிலங்கள் தங்கள் கைப்பணத்தைக் கொடுத்துச் சில பூங்காக்களைத் திறக்க வைத்தன.

இதிலிருந்து வாஷிங்டன் எடுத்துக்கொண்ட பாடம், மூடினால் கெட்ட பெயர் வரும் என்பது. 2018 ஜனவரியில் மூன்று நாள் முடக்கம் வந்தபோது, முடிந்தவரை பூங்காக்களைத் திறந்தே வைத்தார்கள். குளிர்காலம், மூன்றே நாள், பெரிய சேதம் கண்ணில் படவில்லை. அந்த மூன்று நாள் அனுபவத்தை அளவுகோலாக வைத்ததுதான் முதல் பிழை என்று நினைக்கிறேன். குப்பைத்தொட்டி மூன்று நாளில் நிரம்பாது. மூன்று வாரத்தில் நிரம்பி வழியும்.

முதல் பத்து நாள்: கண்ணில் பட்டவை

டிசம்பர் 22, சனிக்கிழமை. மெக்சிகோ எல்லைச் சுவருக்கான நிதித் தகராறில் முடக்கம் தொடங்கியது. பெரும்பாலான பூங்கா ஊழியர்கள் சம்பளமில்லாக் கட்டாய விடுப்பில் வீட்டுக்குப் போனார்கள். மிஞ்சியவர்கள் சட்டம் ஒழுங்கைப் பார்க்கும் ரேஞ்சர்கள். 3,200 சதுர கிலோமீட்டருக்கு எட்டுப் பேர் என்றே அப்போதைய செய்திகள் சொல்லின. அவர்களுக்கும் அந்த வாரச் சம்பளம் உடனே வராது. சாவடியில் ஆள் இல்லை, தகவல் மையம் பூட்டியிருந்தது, பூங்கா திறந்திருந்தது.

கூட்டம் குறையவில்லை. சீசன் வேறு, கட்டணமும் இல்லை.

உள்ளூர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பாறையேற்றம் கற்றுக்கொடுப்பவர்கள், கடைக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள் எனப் பலர் தாங்களாகவே திரண்டார்கள். சொந்த வண்டியில் குப்பைப் பையும் கிருமிநாசினியும் கழிப்பறைத் தாள் சுருள்களும் ஏற்றிக்கொண்டு, முகாம் முகாமாகப் போனார்கள். பக்கத்து ஊர்க் கடைகள் பொருள்களை நன்கொடையாகக் கொடுத்தன. புத்தாண்டு விடுமுறையைக் குடும்பத்தோடு கழிக்காமல், யாரோ போட்ட குப்பையைக் குனிந்து பொறுக்கிய அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. பூங்கா முதல் பத்து நாள் தாங்கியதே அவர்களால்தான்.

ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் குழிக் கழிப்பறைகள். தண்ணீர் ஊற்றும் வசதி கிடையாது. கீழே கான்கிரீட் தொட்டி, அவ்வளவுதான். தொட்டி நிரம்பினால் லாரி வந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். மேலே தாள் வைக்கத் தன்னார்வலரால் முடியும். கீழே தொட்டியைக் காலி செய்ய முடியாது. அதற்கு அரசு கையெழுத்தும் அரசுப் பணமும் வேண்டும். இரண்டும் அப்போது இல்லை. கழிப்பறை எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அவ்வளவு பேர் அதைப் பயன்படுத்தினார்கள், தொட்டியும் அவ்வளவு சீக்கிரம் நிரம்பிக்கொண்டு வந்தது. நிரம்பிய இடங்களில் ஜனங்கள் புதர் மறைவுக்குப் போனார்கள்.

அடுத்து வந்தது விதிமீறல். பகலில் மட்டும் அனுமதி உள்ள இடங்களில் இரவு கூடாரம் போட்டார்கள். பூட்டையும் சங்கிலியையும் வெட்டி மூடிய முகாம்களுக்குள் போனார்கள். ஜோஷுவா மரங்களில் கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் கட்டினார்கள். பாறையில் பெயிண்ட் அடித்தார்கள். ஜீப்பைப் பாதையை விட்டு இறக்கிப் பாலைவன மண்ணில் புதுத் தடம் போட்டார்கள். அந்தத் தடத்துக்கு வழிவிட மரங்களையும் சாய்த்தார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போனவர்கள். ஆனால் முதல் ஜீப் போட்ட தடத்தைப் பார்த்து இரண்டாவது ஜீப்காரர் அதுதான் பாதை என்று நம்பிவிடுவார். சாதாரண நாளில் ரேஞ்சர் ஒருவர் அன்று மாலையே அந்தத் தடத்தை வாரிக் கலைத்து, குறுக்கே கல்லையும் காய்ந்த கிளையையும் போட்டு மறைத்துவிடுவார். அந்த ஒரு ஆள் இல்லாததுதான் சேதம் பெருகக் காரணம்.

எடுத்த முடிவுகள்

ஜனவரி 2. நண்பகலில் முகாம்களை மூடுவதாகப் பூங்கா நிர்வாகம் அறிவித்தது. சொன்ன காரணம் சுகாதாரம்: கழிப்பறைத் தொட்டிகள் கொள்ளளவை நெருங்கிவிட்டன. ராட்டில்ஸ்நேக் கேன்யன் என்ற பாறைப் பள்ளத்தாக்கையும் சேர்த்து மூடினார்கள். அங்கே அடிக்கடி யாராவது வழுக்கி விழுந்து மீட்புப் பணி தேவைப்படும். இருக்கிற சில ரேஞ்சர்களும் அதற்குப் போய்விட்டால் பூங்காவைப் பார்க்க ஆள் இல்லை. எனக்கு இது சரியான, யோசித்து எடுத்த முடிவாகத் தெரிகிறது. கையில் உள்ள ஆள்பலத்துக்குத் தக்கபடி திறந்த பரப்பைச் சுருக்கினார்கள். குறை என்னவென்றால், பதினொரு நாள் தாமதம். அந்தத் தாமதத்துக்குப் பூங்கா அலுவலகத்தைக் குறை சொல்லவும் முடியாது. திறந்து வைக்க வேண்டும் என்பது மேலிடத்துக் கொள்கை.

ஜனவரி 6. மேலிடத்திலிருந்து புது உத்தரவு: பூங்காக்கள் தங்கள் கையிருப்பில் உள்ள கட்டணப் பணத்தை எடுத்துக் குப்பை அள்ளவும் கழிப்பறை சுத்தம் செய்யவும் ரோந்து போகவும் செலவிடலாம்.

ஜனவரி 8. ஓட்டுநர்கள் புதுத் தடம் போடுவதையும் மரங்கள் அழிவதையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, 10-ஆம் தேதி காலை முதல் பூங்கா முழுவதையும் தற்காலிகமாக மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. சுத்தம் செய்யவும் சேதத்தைக் கணக்கெடுக்கவும் நேரம் வேண்டும் என்றார்கள்.

ஜனவரி 9. அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. கட்டணப் பணத்தில் பராமரிப்பு ஊழியர்கள் சிலரைத் திரும்ப அழைப்பதால் மூடத் தேவையில்லை என்று சொன்னார்கள்.

இந்தத் திருப்பம்தான் இந்த ஆய்வின் மையம். உள்ளூர் வியாபாரிகளின் பக்கமிருந்து பார்த்தால் நிம்மதி. பூங்கா மூடினால் அவர்களுடைய ஜனவரி வருமானம் போயிற்று. கழிப்பறைப் பக்கமிருந்து பார்த்தாலும் முன்னேற்றம்தான். தொட்டியைக் காலி செய்ய ஆள் வந்தார்கள். நிலத்தின் பக்கமிருந்து பார்த்தால் சிக்கல். சேதத்தை அமைதியாக, ஆள் நடமாட்டமில்லாமல் கணக்கெடுக்கக் கேட்ட சில நாள் அவகாசம் கைநழுவியது. பணமும் இலவசமாக வந்ததல்ல. உடைந்த குழாயை மாற்றச் சேர்த்துவைத்தது அன்றாடத் துப்புரவுக்குப் போயிற்று. அதே நேரத்தில் சாவடியில் வசூலும் இல்லை. ஒரு பக்கம் சேமிப்பு கரைகிறது, மறு பக்கம் வரவு நின்றிருக்கிறது.

பிறகு நடந்தது

ஜனவரி 25, வெள்ளிக்கிழமை முடக்கம் முடிந்தது. ஊழியர்கள் திரும்பினார்கள். பிடித்துவைத்த சம்பளத்தைக் கொடுக்க முடக்கத்தின் நடுவிலேயே சட்டம் வந்திருந்தது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு, அதாவது துப்புரவு, காவல் போன்ற வேலைகளைத் தனியார் நிறுவனம் வழியாகச் செய்தவர்களுக்கு, அந்த ஈடு கிடைக்கவில்லை. மறுநாள் பூங்காவுக்காக உள்ளூரில் நடந்த கூட்டத்தில், பூங்காவின் தலைமை அதிகாரியாக, அதாவது கண்காணிப்பாளராக, இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நடந்த சேதம் இன்னும் 200, 300 ஆண்டுகளுக்குச் சரியாகாது என்று பேசினார். உலகம் முழுக்க அந்தப் பேச்சு செய்தியானது. எத்தனை மரம் என்று எண்ணுவதைவிட, எத்தனை இடத்தில் மண்ணின் தோல் உரிந்தது என்பதே என் கவலை. மரத்தைப் புகைப்படம் எடுக்கலாம், செய்தியில் போடலாம். உடைந்த மண் யார் கண்ணிலும் படாது.

2019 செப்டம்பரில் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் தன் கருத்தை வெளியிட்டது. இது நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அமைப்பு. முடக்க காலத்தில் கட்டணப் பணத்தைச் செலவிட்டது சட்டமீறல் என்பது அதன் முடிவு. காரணம் எளிது. குப்பை, கழிப்பறைச் செலவுகளை அந்தத் துறை வழக்கமாக எந்தக் கணக்கில் எழுதிவந்ததோ அந்தக் கணக்கில் பணம் இல்லையென்றால், வேறு கணக்கிலிருந்து எடுத்து ஈடுகட்ட முடியாது. அப்படிச் செய்ய விட்டால், பணம் ஒதுக்கும் உரிமையை நாடாளுமன்றம் வைத்திருப்பதற்கே அர்த்தமில்லை. இனிமேல் இப்படிச் செய்தால் தெரிந்தே செய்த மீறலாகக் கருதுவோம் என்றும் எச்சரித்தது. கட்டணப் பணத்தை எடுக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதே, பூங்காத் துறைக்கு மேலிடமான உள்துறையின் நிலைப்பாடு.

2020-ல் பூங்காப் பழுதுபார்ப்புக்கென்று புதுச் சட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 133 கோடி டாலர் வரை தேசியப் பூங்காத் துறைக்குக் கிடைக்க அது வழி செய்தது. வரவேற்க வேண்டிய பணம்தான். ஆனால் அது கட்டடத்துக்கும் சாலைக்கும் குழாய்க்கும் உரியது. மாலையில் டயர் தடத்தை வாரிக் கலைக்கும் ரேஞ்சரின் சம்பளம் அதில் வராது. தள்ளிப்போட்ட வேலைகளின் மதிப்பும் இறங்கவில்லை. 2023-ல் 2,300 கோடி டாலரைத் தாண்டியது. இடையில் கணக்கிடும் முறை மாறியதும் அந்த உயர்வுக்கு ஒரு காரணம்.

எதை மாற்றியிருக்கலாம்

முதலில், திறப்பதா மூடுவதா என்ற கேள்வியையே மாற்ற வேண்டும். எத்தனை ஆள் இருக்கிறார்களோ அத்தனை இடத்தைத் திறக்க வேண்டும். எட்டு ரேஞ்சரும் காலியாகாத தொட்டிகளும் இருந்தால், ஒரு வாசல், ஒரு சாலை, இரண்டு மூன்று நடைபாதை போதும். ஜனவரி 2-ல் செய்ததை டிசம்பர் 22 காலையிலேயே செய்திருந்தால் சீசன் கூட்டம் அந்தச் சிறு பரப்பிலேயே நின்றிருக்கும். ரேஞ்சர்களும் அதைச் சுற்றி வந்திருப்பார்கள். சுருக்கும் அதிகாரம் பூங்கா அலுவலகத்தின் கையில், முன்கூட்டியே எழுத்தில், இருந்திருக்க வேண்டும். கழிப்பறைத் தொட்டி முக்கால் அளவு நிரம்பினால் அந்த முகாம் மூடப்படும் என்பது போல, யாரும் வாதாட முடியாத வரம்பாக அது எழுதப்பட வேண்டும்.

அப்புறம், பணத்துக்கு ஒரு வழி. துப்புரவு, ரோந்து, மீட்பு ஆகிய மூன்றுக்கும் உரிய குறைந்தபட்சச் செலவை ஓராண்டு முன்னதாகவே ஒதுக்கிவிடலாம். அமெரிக்காவில் இது புதிதல்ல. படைவீரர்களின் மருத்துவத்துக்கு அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். கட்டணப் பணத்தைத் தொடத்தான் வேண்டுமென்றால் அதற்குச் சட்டத்தில் தெளிவான வரியும், எடுத்த தொகையைத் திருப்பிச் செலுத்தும் கடமையும் வேண்டும். 2019-ல் இரண்டும் இல்லை.

தன்னார்வலர்களைப் பற்றி இன்னும் ஒன்று. அவர்களுக்கு முன்பே பயிற்சியும் அடையாள அட்டையும் காப்பீடும் கொடுத்து வைத்திருந்தால், குப்பை பொறுக்குவதோடு வாசலில் நின்று வழிகாட்டவும் செய்திருப்பார்கள். பாதையை விட்டு வண்டியை இறக்காதீர்கள் என்று உள்ளே நுழையும்போதே ஒருவர் முகம் பார்த்துச் சொல்வதற்கு ஈடு எந்தப் பலகையும் கிடையாது. ஆனாலும் அது துணைதான். ஊர்க்காரர்களின் அன்பைக் கணக்கில் வைத்துப் பூங்காவைத் திறந்துவைப்பது அந்த அன்புக்கே இழைக்கும் அநியாயம்.

2025 அக்டோபர் 1-ஆம் தேதி மறுபடியும் முடக்கம் வந்தது. இந்த முறை 43 நாள். பூங்காக்களை மூடிவிடுங்கள் என்று முன்னாள் கண்காணிப்பாளர்கள் பலர் முன்கூட்டியே வேண்டிக்கொண்டார்கள். துறையின் திட்டப்படி சுமார் 14,500 ஊழியர்களில் 9,200-க்கும் அதிகமானோர் விடுப்பில் அனுப்பப்பட வேண்டியவர்கள். சாலையும் நடைபாதையும் பொதுவாகத் திறந்தே இருக்கும், கழிப்பறைக்கும் குப்பைக்கும் கட்டணக் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதே திட்டத்தில் எழுதியிருந்தது.